தாயை இழந்த குடும்பமும் நட்டஈடு கோரும் உரிமையும்

பிரசவத்திற்காக வைத்தியசாலைக்குச் சென்ற பெண் உயிரற்ற உடலாக வீடு திரும்பும் செய்தியும், சத்திரசிகிச்சையின் பின்னர் நிரந்தர உபாதைக்குள்ளான பெண்ணின் முறைப்பாடும் நமது நாட்டில் புதியனவல்ல. வைத்தியசாலை வாசலில் எழும் ஆத்திரம் சில தினங்களில் அடங்கிவிடுகின்றது. விசாரணை நடத்தப்படும் என்ற அறிவிப்புடன் விடயமும் மறக்கப்படுகின்றது. நட்டஈடு கோர உரிமை உண்டென்பதைக் குடும்பத்தினர் அறியும்போது காலம் கடந்துவிடுவதே பெரும் துயரமாகும்.

இலங்கையில் இத்தகைய வழக்குகள் ரோமன் டச்சுச் சட்டக் கோட்பாடுகளின்படி மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படுகின்றன. சிகிச்சை பலனளிக்கவில்லை என்பது மாத்திரம் கவனயீனம் ஆகிவிடாது. அதே துறையைச் சார்ந்த திறமையுள்ள வைத்தியர் ஒருவர் காட்டக்கூடிய கவனம் காட்டப்படவில்லை என்பதையும், அதனாலேயே பாதிப்பு ஏற்பட்டது என்பதையும் வழக்காளியே நிரூபித்தல் வேண்டும்.

இவற்றுள் இரண்டாவதே கடினமானது. சிறுமி ஒருத்தியின் மரணம் தொடர்பாக அவளது தந்தை தொடுத்த பிரபல வழக்கில், மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்குமாறு தீர்ப்பளித்தது. எனினும் கவனயீனமே மரணத்திற்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி, 2001ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மரணத்திற்கான நட்டஈடு பண இழப்புக்கு மட்டுமே உரியது, அன்பும் தோழமையும் இழந்தமைக்கு அல்ல என்ற நிலைப்பாடும் அதில் உறுதிசெய்யப்பட்டது. சம்பாத்தியமற்ற இல்லத்தரசி ஒருவர் பிரசவத்தில் இறக்கும்போது இவ்விதியின் அநீதி எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் இக்குறையை நீக்கி, பிறரது தவறினால் ஒருவர் இறக்கும்போது பண இழப்புக்கு அப்பாற்பட்ட இழப்புக்கும் நட்டஈடு கோர வழிவகுத்தது.

ஆயினும் சட்டம் தரும் உரிமையைக் காலம் பறித்துவிடக் கூடும். வழக்குக்கான காரணம் எழுந்து இரண்டு வருடங்களுக்குள் வழக்குத் தொடரப்பட வேண்டும். அரச வைத்தியசாலையாயின் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் எழுத்தில் வழங்குவதும் அவசியம். இலங்கை மருத்துவ சபையிடம் முறையிட்டால் வைத்தியருக்கு எதிராக ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படலாம். நட்டஈடு வழங்கும் அதிகாரம் அச்சபைக்கு இல்லை. அங்கு முறையிட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருப்போர் இரண்டு வருடக் காலவரையறையைத் தவறவிட்டுவிடலாம்.

ஆகவே முதல் நாட்களிலேயே ஆதாரங்களைப் பாதுகாக்க வேண்டும். கர்ப்பகாலப் பதிவு அட்டை, நோய் நிர்ணய அட்டை, பரிசோதனை அறிக்கைகள், பற்றுச்சீட்டுகள் என எதையும் எறிந்துவிடலாகாது. அரச வைத்தியசாலையிலுள்ள தமது சிகிச்சைக் குறிப்புகளை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நோயாளர் கோரலாம். கோரிக்கை மீது 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் எடுக்கப்பட வேண்டும்.

மரணம் நிகழ்ந்தவிடத்துப் பிரேத பரிசோதனை இன்றிக் காரணத்தை நிறுவுவது மிகக் கடினம். உடலை விரைவில் நல்லடக்கம் செய்யவும் இறுதிக்கிரியைகளை நடத்தவும் முஸ்லிம், தமிழ்க் குடும்பங்கள் விரும்புவது இயல்பே. எனினும் சந்தேகம் இருப்பின் அதைத் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் உடனடியாகத் தெரிவித்து, தாமதமின்றிப் பரிசோதனையை நடத்துமாறு கேட்டுக்கொள்வதே விவேகமானது. வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

குறைந்த வளங்களுடன் இரவு பகலாக உழைக்கும் வைத்தியர்களையும் தாதியரையும் குற்றவாளிகளாக நோக்குவது இதன் நோக்கமன்று. ஆதாரமற்ற பழி ஒரு வைத்தியரின் வாழ்வையே சிதைத்துவிடும் என்பதை 2019இல் குருநாகலில் நாம் கண்டோம். நேர்மையான வைத்தியரைக் காப்பதும் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு நீதி பெற்றுத் தருவதும் ஒழுங்காக எழுதப்பட்டு, மறைக்கப்படாத பதிவுகளே. நோயாளருக்குப் புரியும் மொழியில் அவை கிடைப்பதை உறுதிசெய்வது சுகாதார அமைச்சின் தட்டிக்கழிக்க முடியாத கடமையாகும்.