சித்திரையில் திறக்கும் விரிசல்

பழைய வீடு – 9

கரிசல் ஊர்களில் வீட்டு விரிசலுக்கும் பருவம் உண்டு. மாசியில் மயிரிழையாகத் தென்படும். சித்திரை, வைகாசியில் ஐந்து ரூபாய் நாணயம் உள்ளே போகும். ஐப்பசியில் இரண்டு உழவு மழை பெய்ததும் சுருங்க ஆரம்பித்து, கார்த்திகைக்குள் பாதிக்கு மேல் மூடிக்கொள்ளும். கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் பழைய வீடுகளில் இதைத் தாராளமாகப் பார்க்கலாம். ஜன்னல் மூலையில் பிறந்து, உத்தரத்தை நோக்கிச் சாய்வாக ஏறும் விரிசல் அது.

வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூப்பிடுவது எப்போது? விரிசல் நன்றாக வாய் பிளந்து பயமுறுத்தும் கோடையில்தான். கொத்தனாரும் வந்து பார்த்துவிட்டு, “ஒண்ணும் பயமில்ல அண்ணாச்சி, கொத்திவிட்டு சிமெண்டு வச்சு அடைச்சிருவோம்” என்பார். ஒரே நாளில் வேலை முடியும். வெள்ளையும் அடித்தாயிற்று.

மழை வந்ததும்தான் வினை. மண் ஊறி உப்பும்போது, கோடையில் இறங்கிய மூலை மேலே வரப் பார்க்கும். பிளந்த சுவர் பழையபடி சேரப் பார்க்கும். நடுவே கல்லாக இறுகிய சிமெண்ட் நிற்கிறது. சேர முடியாத சுவர் ஒரு முழம் தள்ளி, புது இடத்தில் விட்டுக்கொடுக்கும். அடுத்த கோடையில் அதையும் அடைப்பார்கள். ஒரே சுவரில் நாலைந்து சிமெண்ட் தழும்பு இருந்தால், அத்தனையும் கோடையில் செய்த வேலை என்று நினைத்துக்கொள்ளலாம்.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிக் கனிமம் அதிகம். ஏடு ஏடாக அடுக்கிய அமைப்பு அதற்கு. ஏடுகளுக்கு நடுவில் தண்ணீர் புகுந்தால் அவை விலகும், காய்ந்தால் நெருங்கும். நம் நாட்டுக் கரிசலில் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழம் வரை நடக்கும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. பழைய வீட்டுக்கு வானம் தோண்டியது மூன்றடியோ நாலடியோதான். அதாவது, அசையும் மண்ணுக்குள்ளேயே அஸ்திவாரம் உட்கார்ந்திருக்கிறது. பாரமான மாடிக் கட்டடத்தைத் தூக்க மண் சிரமப்படும். ஒற்றைத் தள வீட்டைச் சிரமமில்லாமல் தூக்கிவிடும். “சின்ன வீடுதானே, இதற்கு எதற்கு ஆழமான அஸ்திவாரம்” என்ற பேச்சு கரிசலில் தலைகீழ்.

உங்கள் மண் எவ்வளவு உப்பும் என்று கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. இந்திய தர நிர்ணய விதிகளிலேயே உள்ளதுதான். காயவைத்துப் பொடித்து நைசாகச் சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுக் குழாய்களில் போடுங்கள். ஒன்றில் வாலைவடிநீர், மற்றதில் மண்ணெண்ணெய். கலக்கிக் காற்றுக் குமிழை வெளியேற்றிவிட்டு ஒரு நாள் வையுங்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது, தண்ணீரில் உப்பும். மண்ணெண்ணெயில் 10 மில்லி நிற்கும் மண் தண்ணீரில் 18 மில்லிக்கு ஏறினால் வீக்கம் 80 சதவீதம். 50-க்குக் கீழே என்றால் பெரிய கவலை இல்லை. 100-ஐத் தாண்டினால் அந்த மண்ணோடு மோதாமல் பிழைக்கும் வழியைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, விரிசலைப் படிப்பது. மேலே அகன்று கீழே ஒடுங்கினால் பெரும்பாலும் மூலை இறங்கியிருக்கிறது. வீட்டுக்கு அடியில் உள்ள மண் வெயிலையும் மழையையும் பார்ப்பதில்லை, அதன் ஈரம் அதிகம் மாறாது; ஓரத்து மண்தான் கோடையில் காய்ந்து சுருங்குகிறது. கீழே அகன்று மேலே ஒடுங்கினால் கதை வேறு. நடுச்சுவர் இறங்கியிருக்கலாம், அல்லது ஓரம் தூக்கியிருக்கலாம். ஓரம் தூக்கியிருந்தால் பக்கத்தில் எங்கோ தண்ணீர் கசிகிறது.

விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். அது உடைந்தால் சுவர் அசைந்தது என்று தெரியும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தெரியாது. விரிசலுக்கு ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று முக்கோணமாக மூன்று ஆணிகளைப் பதித்து, மாதம் ஒருமுறை வெர்னியர் காலிப்பரால் இடைவெளியை அளந்து எழுதி வந்தால் இரண்டுமே தெரியும். ஒரு முழு வருஷம் அளக்க வேண்டும். கோடையும் மழையும் ஒரு சுற்று வராமல் கிடைக்கும் எந்த அளவும் பாதிக் கதைதான். வருஷக் கடைசியில் விரிசல் பழைய அளவுக்கே திரும்பிவிட்டால் அது பருவத்தின் ஆட்டம். திரும்பாமல் கூடிக்கொண்டே போனால்தான் பொறியாளரை அழைக்க வேண்டும். சுவர் வெளியே சாய்ந்தாலோ, கதவு திடீரென்று இறுகினாலோ வருஷக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே அழைத்துவிட வேண்டும்.

பொறுமை ஏன் என்று கேட்டால் லண்டன்காரர்களைக் காட்டலாம். அந்த ஊரும் சுருங்கி விரியும் களிமண் மேல்தான் இருக்கிறது. 1971-ல் பிரிட்டிஷ் காப்பீட்டு நிறுவனங்கள் மண் இறக்கத்தால் வரும் சேதத்தையும் வீட்டுக் காப்பீட்டில் சேர்த்தன. 1976-ல் கடும் வறட்சி வந்தது. விரிசல் விட்ட வீடுகளுக்கெல்லாம் இழப்பீடு கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டி கான்கிரீட் கொடுக்கும் வேலை ஊரெங்கும் நடந்தது. அதில் பல வீடுகளுக்கு அது தேவையே இல்லை என்று பிற்பாடு துறைக்காரர்களே சொன்னார்கள். அங்குள்ள கட்டட ஆய்வு நிலையம் போட்ட அட்டவணையில் 5 மில்லிமீட்டர் வரையான விரிசல் வெறும் தோற்றக் குறை. 15-ஐத் தாண்டினால்தான் கடுமை.

சரி, எதைச் சரிசெய்வது? என் கட்சி இதுதான்: சுவரைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீரைத் தொடுங்கள்.

பழைய வீட்டில் புழங்கிய தண்ணீர் அங்கணத்தில் விழுந்து வாருகால் வழியாகத் தெருவுக்குப் போனது. இப்போது அதே சுவரை ஒட்டிக் குளியலறை, அதன் காலடியில் கழிவுநீர்த் தொட்டி, ஏ.சி. சொட்டும் குழாய், குடிநீர் சுத்திகரிப்பு எந்திரத்தின் கழிவுக் குழாய். எல்லாமே அஸ்திவாரத்தின் ஒரே ஒரு பக்கத்துக்குத்தான் தண்ணீர் காட்டுகின்றன. எங்கும் சமமாக நனைந்தால் வீடு மொத்தமாக ஏறி இறங்கும், அதிகம் உடையாது. ஒரு மூலை மட்டும் நனைவதுதான் கெடுதல்.

மழைநீர் சேகரிப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2003-ல் தமிழ்நாடு அதைக் கட்டாயமாக்கியது, நல்ல காரியம். ஆனால் கரிசலில் தண்ணீர் சீக்கிரம் கீழே இறங்காது. சுவரை ஒட்டி உறிஞ்சு குழி வெட்டினால், அந்தத் தண்ணீர் அஸ்திவாரத்தருகே தேங்கி மண்ணை உப்ப வைக்கும். குழியைக் குறைந்தது பத்தடியாவது தள்ளி வையுங்கள். அல்லது கூரைத் தண்ணீரைத் தொட்டியிலோ கிணற்றிலோ சேருங்கள்.

வீட்டைச் சுற்றி நாலைந்து அடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் வாட்டம் விட்டுத் தளம் போடுவதுதான் செலவுக்கு மிகுந்த பலன் தரும் வேலை. அடியில் கனமான பாலிதீன் விரிப்பு, சுவரும் தளமும் சேரும் இடத்தில் தார். ஓரத்து மண் மழைக்கு ஊறுவதும் வெயிலுக்குக் காய்வதும் குறையும். கூரைத் தண்ணீரைப் பிடிக்கத் தகரத் தாழ்வாரம் இல்லையென்றால் அதையும் வைத்துவிடுங்கள்.

மரத்தில் அவசரம் கூடாது. முற்றத்து வேம்பு கோடையில் மண்ணை உறிஞ்சிக் காயவைக்கிறது என்பது உண்மை. அதற்காக ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தால், பல வருஷமாகக் காய்ந்து கிடந்த களி மெல்ல ஈரம் பிடித்து வருஷக்கணக்கில் உப்பிக்கொண்டே போகும். இறங்கிய மூலை இப்போது தூக்க ஆரம்பிக்கும். வீட்டை விட வயதான மரமென்றால் கிளை கழித்து வைத்துக்கொள்வதே நல்லது.

இதெல்லாம் முடிந்து ஒரு மழைக்காலம் போன பிறகு சுவருக்கு வரலாம். தை, மாசி சரியான நேரம்; விரிசல் முழுக்கத் திறந்திருக்காது, முழுக்க மூடியும் இருக்காது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்புக் காரைதான். அது செங்கல்லை விட இளகலானது, சின்ன அசைவுக்கு இடம் கொடுக்கும். மயிரிழை விரிசலில் மழைநீர் இறங்கும்போது சுண்ணாம்பு கொஞ்சம் கரைந்து அங்கேயே படிந்து அடைத்துக்கொள்ளவும் செய்யும். சிமெண்ட் இந்த இரண்டும் செய்யாது. அதோடு சுவரின் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து, உப்புப் பூத்துப் பூச்சைப் பொரியவைக்கும்.

பழைய இணைப்பை ஒரு அங்குல ஆழம் கையால் சுரண்டி எடுங்கள். மின் அறுவை எந்திரத்தைக் கொடுத்தால் செங்கல் விளிம்பையும் சேர்த்துத் தின்றுவிடும். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணலும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் சேர்ந்து இரண்டரைப் பங்கு. நனைத்த இணைப்பில் அழுத்தி வைத்து, ஈரச் சாக்குப் போட்டு மெதுவாக உலரவிட வேண்டும். செங்கல்லே பிளந்திருந்தால் அதை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஊறவைத்த முழுச் செங்கல்லை விரிசலுக்குக் குறுக்கே கோத்து வையுங்கள்.

அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டுவது கடைசி மருந்து. இறங்கிய மூலைக்கு மட்டும் ஆறடி ஆழத்தில் கான்கிரீட் கொடுத்தால், அந்த மூலை அசைவது குறையும்; மற்ற மூன்று மூலைகள் வழக்கம்போல ஆடும். விரிசல் இடம் மாறும், அவ்வளவுதான். செய்தே ஆக வேண்டுமென்றால் அசையும் மண்ணைத் தாண்டிப் போக வேண்டும். ஒரு நேரத்தில் மூன்று நாலடி நீளம் மட்டும், விட்டுவிட்டுத் தோண்ட வேண்டும். நீளமாகத் தோண்டிச் சுவரை அந்தரத்தில் விடும் ஆட்களை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

பழைய வீட்டோடு புது அறை சேர்ப்பவர்களுக்கு ஒன்று. புது அறைக்கு ரூர்க்கி மத்திய கட்டட ஆய்வு நிறுவனம் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த குமிழ் அடி பைல் போடலாம்: மூன்றரை மீட்டருக்குக் குறையாத ஆழம், அடியில் தண்டைப் போல இரண்டரை மடங்கு அகலத்தில் ஒரு குமிழ். அது அசையாது, பழைய வீடு அசைந்துகொண்டேதான் இருக்கும். இரண்டையும் ஒரே சுவராகப் பிணைத்தால் முதல் வருஷமே சேருமிடம் கிழியும். ஒரு அங்குல இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிறுத்துங்கள். இடைவெளி கண்ணை உறுத்தினால் ஒரு மரப்பட்டையால் மறைக்கலாம். ஆனால் பட்டையை ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஆணி அடிக்கச் சொல்லுங்கள். ஆசாரி இரண்டு பக்கமும் அடித்துவிட்டுப் போனால், வைகாசிக்குள் பட்டை பிளந்துவிடும்.