பாறசாலை மிஷன் பங்களாவில் ஒரு வாரம்

களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்குள் நுழைந்தால் கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறிவிடும். பேச்சில் மட்டும் தமிழ் கொஞ்ச தூரம் கூடவே வரும். நெய்யாற்றின்கரை வரை வழிநெடுகச் சர்ச்சுகள். கடல் கடந்து வந்து இவற்றுக்கு வித்திட்ட இளம் மிஷனரிகள் விடிந்ததிலிருந்து அடையும்வரை என்னதான் செய்தார்கள்? இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எப்போதும் அடங்காத ஆசை. வாருங்கள், எட்டிப் பார்த்துவிடலாம்!

வருடம் 1859. மிஷனரி ஜான் ஆப்ஸ் 1845 முதல் வளர்த்தெடுத்த பாறசாலை லண்டன் மிஷன் நிலையத்துக்கு சாமுவேல் மேட்டீர் வந்து இறங்குகிறார். வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை! அந்தக் காலத்து மிஷனரிகள் எழுதிவைத்த அன்றாடத்தை ஒரே வாரமாகக் கோத்தால் இப்படித்தான் இருக்கும்.

திங்கள்: பிரசங்கம் செய்ய வந்தவருக்கு முதலில் பாடம். மொழி ஆசிரியரான முன்ஷி முன்னால் உட்கார்ந்து தமிழ் எழுத்துக் கூட்ட வேண்டும். தெற்கே போனால் தமிழ், வடக்கே போனால் மலையாளம். எல்லை நிலையத்தில் இரண்டும் இல்லாமல் கதை நடக்காது. மிஷனரியை ஊரே 'ஐயர்' என்று அழைத்தாலும் முன்ஷிக்கு அவர் மாணவர்தான்!

செவ்வாய்: கிராமத்துக்குப் போகலாம் என்றால், பகலில் ஆள் கிடைக்க வேண்டுமே! பனையேறும் நாடார்களுக்கு விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். இடுப்பில் பாளை அரிவாளோடு காலையிலும் மாலையிலும் அதே மரங்களில் ஏறி இறங்க வேண்டும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் அக்கானியை (பதநீரை) பெண்கள் புகைக்குள் நின்று காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவார்கள். அடுப்பை விட்டு யார் நகர முடியும்? ஆக, பனை விட்டுக்கொடுத்த நேரம்தான் ஜெபக்கூட்ட நேரம்.

புதன்: எனக்கு மிகப் பிடித்த நாள்! கிராமச் சபைகளைக் கவனித்த உள்ளூர் உபதேசியார்கள் பங்களாவுக்கு வரும் நாள். ஒவ்வொருவர் பொறுப்பிலும் சில கிராமங்கள். யார் புதிதாக வந்தார், யாருக்குக் காய்ச்சல், எந்தப் பள்ளிக்கூடத்தின் கூரை ஓலை மாற்ற வேண்டும், எந்த வீட்டில் சண்டை, எல்லாம் அவர்கள் வாய்வழி வந்தால்தான் ஐயருக்குத் தெரியும். அவர்கள் பாடம் கேட்கவும் வருகிறார்கள், பாடம் சொல்லவும் வருகிறார்கள். இந்தத் திண்ணையில்தான் மிஷன் நடந்தது.

வியாழன்: மிஷனரி மனைவிமாரின் பெண்கள் பள்ளி. வாசிப்புக்குப் பக்கத்திலேயே தையல். ஊசிநூல்தானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள்! நாடார் பெண்கள் மேலுடுப்பு அணியக் கூடாது என்று தடுத்த திருவிதாங்கூர் சமஸ்தானம் அது. மிஷனரி மனைவியர் தைக்கக் கற்றுக்கொடுத்த குப்பாயம் என்ற மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களின் துணியை மேல்சாதியினர் கிழித்தார்கள். இதையொட்டி வெடித்த தோள்சீலைக் கலகத்தில் ஜெபவீடுகள் எரிந்தன. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவின் அறிவிப்பு நாடார் பெண்களுக்கு மேலுடுப்பை அனுமதித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான்! அந்த வருடம் இங்கே ஒவ்வொரு தையலும் ஒரு வழக்காடல்.

வெள்ளி: மனு நாள். கூலியில்லா ஊழிய வேலைக்கு இழுத்துப் போனார்கள், அடித்தார்கள், பொது வழியில் நடக்க விடவில்லை என்று வருகிறவர்களின் குறைகளைக் கேட்டு சமஸ்தானத்தின் திவானுக்கும் பிரிட்டிஷ் ரெசிடெண்டுக்கும் எழுத வேண்டும். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல். காகிதத்தில் கிடைத்த விடுதலை வயல்வரை வந்து சேர வேண்டாமா? மேட்டீரின் பேனாவுக்கு ஓய்வே இல்லை. பிற்காலத்தில் 1871இலும் 1883இலும் திருவிதாங்கூர் பற்றி அவர் வெளியிட்ட இரு பெரிய நூல்களிலும் இந்த அவதிகள் வரிவரியாகப் பதிவாகியிருக்கின்றன.

சனி: மாட்டுவண்டியைப் பூட்டு! வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவுப் பயணம். மழைக்காலமானால் சக்கரம் சேற்றில் இறங்கும். எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

ஞாயிறு: ஓலைக் கூரை ஜெபவீடு. வாசிக்கத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் வினாவிடை ஓதுதல்: உபதேசியார் கேட்பார், கூட்டம் ஒரே குரலில் பதில் சொல்லும். நேற்றுவரை தள்ளி நிற்கவைக்கப்பட்ட புலையரும் சாம்பவரும் மற்றவர்களோடு ஒரே தரையில் உட்கார வேண்டும் என்பது மிஷனரிகளின் பிடிவாதம். சபைக்குள்ளேயே முகம் சுளித்தவர்கள் உண்டு. வெளியே நடந்த போராட்டத்தைவிட இது லேசானதல்ல.

மேட்டீர் 1861இல் திருவனந்தபுரம் போனார். அங்கே பாளையத்துத் தேவாலயம் இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. பிற்காலத்தில் எவரெஸ்ட் ஏறப் போய், பிறகு இதே மிஷனின் நெய்யூர் மருத்துவமனையிலேயே தங்கிவிட்ட டாக்டர் சாமர்வெல் பெயரில் காரக்கோணத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அவர்களுக்கு இந்த மரியாதை தகும். ஆனால் வாரம் முழுக்கத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தபின் ஒன்றை அடித்துச் சொல்வேன்: அந்த இளம் மிஷனரிகளை இந்த மண்ணில் நிற்கவைத்தவர்கள் முன்ஷியும் உபதேசியார்களும், குப்பாயம் போட்டு வீதிக்கு வந்த பெண்களும்தான். உங்கள் சபையின் நூற்றாண்டு மலர் கைக்கு வந்தால், முதல் பக்கத்து வெள்ளைக்கார ஐயர் படத்தோடு நின்றுவிடாதீர்கள். உபதேசியார்கள் பெயர்ப் பட்டியலைத் தேடுங்கள். அது விட்டுப்போயிருந்தால், பாட்டி தாத்தாவிடம் கேட்டு இந்த வாரமே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.