ஒரே வீட்டில் இரண்டு நாய்கள்: சண்டை எங்கே மூளுகிறது?

கொச்சி மட்டாஞ்சேரியின் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. பல வீடுகளுக்கு முன்னால் திண்ணையளவு இடம்கூட இல்லை. கதவைத் திறந்தால் தெரு. அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு நாய்கள் கடித்துக்கொண்டால், “எது பெரியவன் என்று முடிவாகட்டும், விட்டுவிடு” என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

அந்த எண்ணத்தின் வேர், 1947-ல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷென்கெல் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் இருக்கிறது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1970-ல் எழுதிய நூல் அதை உலகெங்கும் கொண்டு சென்றது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் சேர்ந்த குடும்பம்தான், பதவிச் சண்டை அல்ல என்று 1999-ல் மீச்சே எழுதினார். எனவே எது தலைவன் என்று யோசிப்பதை விட்டு, சண்டை எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதற்காக வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தினர், ஒரே வீட்டில் சண்டையிட்ட 38 ஜோடி நாய்களைப் பற்றி 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 79 சதவீத ஜோடிகள் ஒரே பாலினம். சண்டையைத் தொடங்கியது பெரும்பாலும் வயதில் இளையது, வீட்டுக்குப் பிந்தி வந்தது. தூண்டியவை வீட்டுக்காரரின் கவனம், சாப்பாடு, பரபரப்பு, தரையில் கண்டெடுத்த ஏதோ ஒரு பொருள். இரண்டாவது நாய் எடுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எதிர்ப்பாலினத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதித் தலைவலி முன்கூட்டியே குறையும்.

மட்டாஞ்சேரியில் அந்தப் பரபரப்பு வாசலில்தான் பிறக்கிறது. மீன்காரர் குரல் கொடுக்கிறார், தெருநாய் ஒன்று கதவோரம் மோப்பம் பிடிக்கிறது. இரண்டு நாய்களும் ஒரே நேரத்தில் பாய்கின்றன. வெளியே இருப்பதை எட்ட முடியாத கோபம் பக்கத்தில் நிற்கும் நாய்மேல் திரும்புகிறது. மீன்காரர் வரும் நேரம் தெரியும்தானே; அதற்கு முன்பே ஒன்றைப் பின்னறையில் விடுங்கள். கதவின் கீழ்ப்பாதியில் பலகை அடித்துத் தெரு தெரியாமல் மறையுங்கள். டிசம்பர் 31 இரவு ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்ஞி எனும் உருவப்பொம்மையை எரித்து வெடி முழங்கும்போது இரண்டையும் ஒரே அறையில் பூட்டவே கூடாது.

சாப்பாடு தனித்தனி அறையில், கதவை மூடி. தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். மீன் ஆய்ந்த கழிவு தரையில் கிடக்கக் கூடாது. ஒன்றைக் கொஞ்சும்போது மற்றது நடுவில் நுழைந்தால், எழுந்து போய்விடுங்கள். இரண்டுக்கும் அப்போது எதுவும் கிடையாது.

உடல் விறைப்பது, கண் கொட்டாமல் முறைப்பது, வழியை மறித்து நிற்பது, இவையெல்லாம் சண்டைக்கு முந்தைய அறிகுறிகள். உறுமலுக்காக நாயை அடிக்காதீர்கள். உறுமக் கூடாது என்று கற்ற நாய், எச்சரிக்காமலேயே கடிக்கும். நெடுநாள் ஒத்துப்போன நாய்கள் திடீரென மோதினால், காதுப்புண், மூட்டுவலி போன்ற வேதனை ஏதாவது இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கருத்தடை ஆண் நாய்களிடையே சண்டையைக் குறைக்க உதவலாம். இரண்டு பெண் நாய்களிடையே அதை மட்டும் நம்ப முடியாது.

சண்டை மூண்டுவிட்டால் கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் கை நீட்டாதீர்கள். வளர்த்தவர்கள் கடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். பாத்திரத்தைப் பலமாகத் தட்டுங்கள், வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள், கம்பளியை மேலே போடுங்கள், நாற்காலியையோ பலகையையோ நடுவில் தள்ளுங்கள். பல் பதிந்திருக்கும்போது இழுத்தால் சதை கிழியும். பிரிந்ததும் வேறு வேறு அறை. ரோமத்துக்கு அடியில் பல் பதிந்த துளை சிறிதாகத் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்களுக்குக் கடி பட்டால், அது வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தோலில் போடப்படும்போது 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் வரும். ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் தேவை. ஒரு ஊசியையும் தவறவிடாதீர்கள்.

மறுபடி சேர்ப்பது வீட்டுக்குள் அல்ல, வெளியே. சில நாள்கள் கழித்து, ஆளுக்கொரு நாயாகப் பிடித்து, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்துங்கள். முறைக்காமல் நடந்தால் இடைவெளியை மெல்லக் குறையுங்கள். வாய்க்கூடு அணிய முன்பே பழக்கியிருந்தால், வீட்டுக்குள் முதல் சந்திப்புகளில் அது பெரிய துணை. ஆளில்லாத வீட்டில் இரண்டையும் ஒன்றாக விடாதீர்கள்.

எல்லாம் செய்தும் ரத்தம் சிந்தும் ஜோடிகள் உண்டு. அவற்றுக்குக் காலை ஒன்று, மாலை ஒன்று என்று முறை வைத்து, நிரந்தரமாகக் கதவால் பிரித்து வளர்க்கலாம். முடியாவிட்டால், நாயின் குணத்தை மறைக்காமல் சொல்லி வேறு நல்ல வீட்டில் சேர்க்கலாம். தெருவில் மட்டும் விடாதீர்கள். அங்கே ஏற்கெனவே எல்லை பிரித்து வாழும் நாய்கள் இருக்கின்றன, வீட்டு நாயால் அவற்றோடு பிழைக்க முடியாது. தக்க காரணமின்றிப் பட்டினியோ தாகமோ நேரும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.