விபத்துக்கு ஓட்டுநர் மட்டும்தான் காரணமா?

‘சிம்பாங்’ என்றால் மலாய் மொழியில் சாலைச் சந்திப்பு. ‘பூலாய்’ என்பது தமிழில் நாம் ஏழிலைப்பாலை என்று சொல்லும் மரம். எங்கள் ஊரான சிம்பாங் பூலாயில் இன்று மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சந்திப்போ நாளுக்கு நாள் நெரிசலாகிக்கொண்டே வருகிறது.

காரணம் எளிது. பழைய முதலாம் எண் கூட்டரசு சாலை, கேமரன் மலைக்கு ஏறும் 185-ஆம் எண் சாலை, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வழி ஆகிய மூன்றின் போக்குவரத்தும் இந்தச் சிறிய வட்டாரத்தில்தான் கலக்கிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லோரி, மலையிலிருந்து காய்கறி கொண்டுவரும் லோரி, விடுமுறைக்குப் போகும் கார் எல்லாம் இங்கே ஒன்றுசேர்கின்றன. அவற்றுக்கு நடுவில்தான் என் அப்பா தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறார். தோட்டத்தில் பிறந்து, பிறகு தொழிற்சாலை வேலைக்கு மாறிய தலைமுறை அவருடையது. மலேசியாவில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அதனால், சிவில் பொறியியல் வகுப்பில் சந்திப்பு வடிவமைப்பைப் படித்தபோது அது எனக்கு வெறும் தேர்வுப் பாடமாகத் தெரியவில்லை.

அந்தப் பாடத்தின் முதல் கணக்கு ‘மோதல் புள்ளி’. இரண்டு வாகனங்களின் பாதைகள் சந்திக்கக்கூடிய ஒவ்வோர் இடமும் ஒரு மோதல் புள்ளி. சாதாரண நாற்சந்தியில் இத்தகைய புள்ளிகள் 32. முச்சந்தியில் 9. நான்கு சாலைகள் சேரும் ஒற்றைத் தட வட்டச்சந்தியில் 8 மட்டுமே. அந்த எட்டிலும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் புள்ளி கிடையாது. பக்கவாட்டில் மோதும் மோசமான விபத்துகள் நடப்பது குறுக்கே வெட்டும் இடத்தில்தான். ஓட்டுநர் அதே ஆள்தான். சாலையின் வடிவம் மாறினால் அவர் தவறு செய்யும் வாய்ப்பும் அந்தத் தவறின் விலையும் குறைகின்றன.

இதற்கு நம் பேராவிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஈப்போவைத் தாண்டி வடக்கே போனால் ஜெலாப்பாங். முன்பு அங்கே கட்டணச் சாவடி நெடுஞ்சாலையின் குறுக்கே இருந்தது. மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்து மலைச்சரிவில் இறங்கிவரும் எல்லா வாகனங்களும் அங்கே நின்றாக வேண்டும். நீண்ட சரிவில் தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடாகிப் பிடிப்பை இழக்கும். பாரம் ஏற்றிய லோரிக்கு அப்படி நேர்ந்தால், எதிரே வரிசையில் நிற்கும் கார்களின் கதி என்ன?

பள்ளியில் படித்த இயற்பியலை நினைத்துப் பாருங்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 30 டன் லோரி மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும்போது அதன் ஆற்றல் சுமார் 7.4 மெகாஜூல். வேகம் 110 ஆனால் அது 14 மெகாஜூலாகிறது. ‘கவனமாக ஓட்டுங்கள்’ என்ற பலகை அதைத் தடுத்து நிறுத்தாது.

துன் சாமிவேலு பொதுப்பணி அமைச்சராக இருந்தபோது இதற்கான மாற்றம் அறிவிக்கப்பட்டது. 2008, 2009 ஆண்டுகளில் ஜெலாப்பாங் சாவடியும் ஈப்போ தெற்குச் சாவடியும் நெடுஞ்சாலையின் நடுவிலிருந்து அகற்றப்பட்டன. கட்டணம் வசூலிக்கும் இடம் வெளியேறும் வழிகளுக்கு மாறியது. நேராகச் செல்பவர் அங்கே நிற்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. நெரிசல், ஆபத்து இரண்டுக்கும் ஒரே மாற்றம் பதிலானது.

எல்லா இடத்திலும் இப்படி ஒரே மருந்து கிடைக்காது. சிக்னல் இல்லாமல் இடப்பக்கம் திரும்ப அகலமான வளைவு அமைத்தால் லோரிகள் வேகமாக நகரும். ஆனால் அதே வளைவில் சாலையைக் கடக்கும் மாணவருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஆபத்து கூடும். மேம்பாலம் கட்டினால் நேராகச் செல்பவர்களுக்கு நிம்மதி, ஆனால் நிலமும் பணமும் வேண்டும். எங்கள் ஊருக்கு முதலில் தேவை சிறிய மாற்றங்கள் என்பது என் கருத்து. சந்திப்புக்கு வெகுமுன்பே தடங்களைப் பிரித்துக் காட்டலாம். சிக்னலில் மோட்டார் சைக்கிள்கள் முன்னால் நிற்கத் தனியிடம் ஒதுக்கலாம். கனரக லோரிகளைப் பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் கட்டுப்படுத்தலாம்.

நிமிடத்துக்கு எத்தனை கார்கள் கடக்கின்றன என்பதை மட்டும் வைத்து ஒரு சந்திப்பை மதிப்பிட்டால், வேகமான வளைவே வெற்றி பெறும். எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

மாணவர்களே, இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது யாரும் எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம். உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள சந்திப்பை ஒரு தாளில் வரைந்து, மோதல் புள்ளிகளைச் சிவப்பில் குறியுங்கள். பாதுகாப்பான இடத்தில் நின்று, ஒரு மணி நேரத்தில் எத்தனை லோரிகள், எத்தனை மோட்டார் சைக்கிள்கள் கடக்கின்றன என்று எண்ணுங்கள். வரைவு வெளியாகும்போது அந்தத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள்.