தாய் சேய் நலமும் குடும்ப நலமும்: ஒரே பணியின் இரு முகங்கள்

திட்டமிட்ட வளர்ச்சிப் பாதையை மேற்கொண்ட நம் நாடு, 1952-ஆம் ஆண்டிலேயே குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக ஏற்றது. அரசின் சார்பில் இத்தகைய திட்டத்தைத் தொடங்கிய முதல் நாடு இந்தியாவே. 1951 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி அன்றைய மக்கள் தொகை சுமார் 36 கோடி. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் இப்பணிக்கென ஒதுக்கப்பட்டது 65 லட்சம் ரூபாய். அதன் பின்னர் இத்திட்டம் பல வடிவங்களை எடுத்துள்ளது. எனினும் ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் எழுந்து வந்துள்ளது. குடும்பக் கட்டுப்பாட்டைத் தனி இயக்கமாக நடத்துவதா, தாய் சேய் நலப் பணியோடு இணைத்து நடத்துவதா என்பதே அக்கேள்வி. கிராமப்புற அனுபவம் இதற்கு அளித்துள்ள விடையை ஆராய்வது பயனுடையதாகும்.

குழந்தை பிழைக்கும் என்னும் உறுதி

1971-ஆம் ஆண்டில் நம் கிராமங்களில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளுள் 138 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. நகரங்களில் இவ்வெண் 82. இந்நிலையில் வாழ்ந்த ஓர் உழவர் குடும்பத்திடம் ‘இரண்டு குழந்தைகள் போதும்’ என்று கூறுவது எளிது; அவர்கள் அதை ஏற்பது எளிதன்று. பெற்றோர் கணக்கிட்டது பிறக்கும் குழந்தைகளை அல்ல, பிழைக்கும் குழந்தைகளையே. முதுமையில் துணையாகவும் வயலில் கைகொடுக்கவும் பிள்ளைகளையே நம்பியிருந்த குடும்பத்திற்கு, ஒரு குழந்தையின் மரணம் துயரம் மட்டுமன்று. எதிர்காலப் பாதுகாப்பின் இழப்பும் ஆகும்.

இவ்வுறவு மறுதிசையிலும் செயல்படுகிறது. அடுத்தடுத்து நிகழும் கருத்தரிப்பு தாயின் உடலில் இரத்தச் சோகையை மிகுவிக்கிறது. பிறக்கும் குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பும், மூத்த குழந்தை தாய்ப்பாலை விரைவில் இழக்கும் வாய்ப்பும் பெருகுகின்றன. ஒரு பிரசவத்திற்குப் பின் குறைந்தது 24 மாதங்கள் கழித்தே அடுத்த கருத்தரிப்பை நாட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது இதனாலேயே. ஆகவே, குழந்தை பிழைத்தால் குடும்பம் சிறுக்கும். இடைவெளி கூடினால் குழந்தை பிழைக்கும். இவ்விரண்டில் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்ற இயலாது.

தனிப் பாதை கற்பித்த பாடம்

1966-ஆம் ஆண்டில் மத்திய சுகாதார அமைச்சகத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கெனத் தனித் துறை அமைக்கப்பட்டது. அதற்கெனத் தனி ஊழியர்களும் தனி இலக்குகளும் வகுக்கப்பட்டன. இதனால் பணியின் வேகம் கூடியது உண்மை. ஆனால் ஒரே வீட்டு வாசலில் மலேரியாவுக்கு ஒருவர், அம்மைத் தடுப்புக்கு ஒருவர், கருத்தடைக்கு மற்றொருவர் என வந்து நின்றனர். குழந்தையின் காய்ச்சலைப் பற்றித் தாய் கேட்டால், அது தம் பொறுப்பன்று என்று கருத்தடை ஊழியர் கூறும் நிலை ஏற்பட்டது. இதனை மாற்றும் பொருட்டு 1973-இல் கர்தார் சிங் குழு, ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாகப் பல்நோக்கு சுகாதார ஊழியர்களை நியமிக்கப் பரிந்துரைத்தது.

இப்பரிந்துரை வேரூன்றுமுன் நெருக்கடி நிலைக் காலம் வந்தது. 1976-77-ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்திற்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடைபெற்றன. அவற்றுள் 60 லட்சத்திற்கும் மேற்பட்டவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. இலக்கை நிறைவேற்றப் பல இடங்களில் வற்புறுத்தல் கையாளப்பட்டது. விளைவு என்ன? மறு ஆண்டில் இவ்வெண்ணிக்கை 10 லட்சத்திற்கும் கீழே வீழ்ந்தது. 1977-இல் திட்டத்தின் பெயரே ‘குடும்ப நலம்’ என மாற்றப்பட்டது. ஆண்களுக்கான அறுவைச் சிகிச்சை அதன்பின் அந்நிலையை மீண்டும் எட்டவே இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தம்பதியருள் பெண் கருத்தடை அறுவைச் சிகிச்சையைச் சார்ந்திருப்போர் 37.9 விழுக்காடு, ஆண் அறுவைச் சிகிச்சையைச் சார்ந்திருப்போர் 0.3 விழுக்காடு மட்டுமே. ஓராண்டில் இழந்த நம்பிக்கையை அரை நூற்றாண்டிலும் முழுமையாக மீட்க முடியவில்லை.

நாரங்வால் ஆய்வு

ஒருங்கிணைப்பின் பயனைக் களத்திலேயே சோதித்த முயற்சி ஒன்றும் நம் நாட்டில் நடைபெற்றுள்ளது. பஞ்சாப் மாநிலம் லூதியானா மாவட்டத்திலுள்ள நாரங்வாலை மையமாகக் கொண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் கார்ல் டெய்லர் குழுவினர் 1974 வரை இவ்வாய்வை நடத்தினர். சில கிராமங்களில் குடும்பக் கட்டுப்பாட்டுடன் மகளிர் நலச் சேவை இணைக்கப்பட்டது; சிலவற்றில் குழந்தை நலச் சேவை இணைக்கப்பட்டது; வேறு சிலவற்றில் இரண்டுமே இணைக்கப்பட்டன. சேவைகள் இணைந்த கிராமங்களில் கருத்தடை முறைகளை ஏற்போர் பெருகினர். நோயுற்ற குழந்தையைக் கவனித்த அதே செவிலியர் கூறும் அறிவுரைக்குத் தாய்மார் செவிசாய்ப்பர் என்பதே இதன் பொருள்.

ஒருங்கிணைப்பு நடைமுறையில்

சமதளப் பகுதியில் 5,000 மக்களுக்கும், மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 3,000 மக்களுக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது வகுக்கப்பட்ட அளவாகும். இங்குப் பணிபுரியும் கிராம சுகாதாரச் செவிலியரே இவ்விணைப்பின் அச்சாணி. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம், இவருக்குத் துணையாக ஆஷா பணியாளர்களை அளித்தது.

தாய் சேய் நலப் பணியின் கால அட்டவணையே கருத்தடை ஆலோசனைக்கும் ஏற்றதாக அமைந்திருப்பது கருதத்தக்கது. கருவுற்ற காலப் பரிசோதனைகளின் போதே இடைவெளியைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். மருத்துவமனையில் பிரசவமானால், தாய் விரும்பும் நிலையில் 48 மணி நேரத்திற்குள் காப்பர்-டி பொருத்தலாம். ஆறாவது வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் தாய்க்கும் அதே நாளில் பேறுகாலப் பிந்திய பரிசோதனையைச் செய்யலாம். தகுதியுடையோருக்கு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை போடும் ‘அந்தரா’ ஊசியை அப்போது தொடங்க இயலும். பாலூட்டும் தாய்க்கும் ஏற்ற ‘சாயா’ மாத்திரையும் உண்டு. தாய்ப்பால் மட்டுமே அளிக்கப்பட்டு, மாதவிலக்குத் திரும்பாதிருக்கும் வரை, முதல் ஆறு மாதங்களுக்கு இயற்கையே ஓரளவு பாதுகாப்பு அளிக்கிறது. குழந்தைக்கு இணையுணவு தொடங்கும் ஆறாவது மாதத்தில் அப்பாதுகாப்பு முடிகிறது. ஆகவே, ‘கஞ்சி ஊட்டத் தொடங்கினீர்களா?’ என்று செவிலியர் கேட்கும் அதே வேளை, ‘அடுத்த குழந்தையைப் பற்றி என்ன எண்ணியுள்ளீர்கள்?’ என்று கேட்க வேண்டிய வேளையும் ஆகும்.

இவ்வாய்ப்பு இன்று பன்மடங்கு விரிந்துள்ளது. 2005-06-இல் 38.7 விழுக்காடாக இருந்த மருத்துவமனைப் பிரசவங்கள் 2019-21-இல் 88.6 விழுக்காடாயின. அதே ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை நாடு முழுவதிலும் 2.0 என்றும், கிராமங்களில் 2.1 என்றும் கணிக்கப்பட்டது. 1971-இல் நாடு முழுவதிலும் ஆயிரத்துக்கு 129 ஆக இருந்த சிசு மரண விகிதம் 2020-இல் 28 ஆகக் குறைந்தது. சிசு மரணமும் பிறப்பு விகிதமும் சேர்ந்தே இறங்கியுள்ளன.

எஞ்சியுள்ள பணிகள்

இதனால் மனநிறைவு கொள்ள இடமில்லை. பீகாரில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி 2019-21-இல் 3.0 ஆக இருந்தது. கருத்தரிப்பைத் தள்ளிப்போடவோ நிறுத்தவோ விரும்பியும் எம்முறையையும் மேற்கொள்ளாத மணமான பெண்கள் நாடு முழுவதிலும் 9.4 விழுக்காட்டினர். 1996-இல் மத்திய அரசு இலக்கு முறையைக் கைவிட்ட போதிலும், எண்ணிக்கையை நோக்கி விரையும் மனப்பான்மை முற்றிலும் மறையவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் முகாம் முறையில் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுள் 13 பேர் உயிரிழந்தனர். அத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிடுமாறு உச்ச நீதிமன்றம் 2016-இல் அரசுகளைப் பணித்தது.

ஒருங்கிணைப்பு என்பது ஒரே ஊழியரின் தோளில் எல்லாப் பணிகளையும் ஏற்றுவதன்று. பதிவேடுகளை நிரப்புவதிலேயே செவிலியரின் நாள் கழிந்தால், தாயோடு அமர்ந்து பேச அவருக்கு நேரம் எஞ்சாது. ஆண் சுகாதார ஊழியர் பணியிடங்கள் நிரப்பப்பட்டாலன்றிக் கணவரோடு பேசுவதற்கு ஆளில்லை. கருத்தடையின் சுமை முழுவதும் பெண்ணின் மீதே தொடரும்.

ஆகவே, நிர்வாகிகள் தம் பணியை அளக்கும் அளவுகோலை மாற்றிக்கொள்ள வேண்டும். எத்தனை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன என்பதற்கு முன், ஆறாவது வாரத்தில் எத்தனை தாய்மார் பரிசோதிக்கப்பட்டனர், எத்தனை பேருக்கு எல்லா முறைகளும் விளக்கப்பட்டன, எத்தனை பேர் தாமே தெரிந்து ஒன்றைத் தேர்ந்தனர் என்று கேட்க வேண்டும். குழந்தையின் உயிரைக் காக்க வந்தவர் என்று தாய் அறிந்திருக்கும் ஊழியரின் சொல்லுக்கே அவ்வீட்டில் மதிப்பு உண்டு. அம்மதிப்பைப் பேணுவதே இத்திட்டத்தின் உண்மையான முதலீடாகும்.