விதை பிடிக்காத பெண் பூ

ஜெர்மனியில் 18 வயது நிரம்பியவர்கள் வீட்டில் மூன்று கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கலாம். 2024 ஏப்ரல் 1 முதல் அங்கே இதுதான் சட்டம். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைத்திருக்க வேண்டும் என்பது கட்டாயம். கனடாவில் 2018 முதல் வீட்டுக்கு நான்கு செடிகள். ஆனால் அந்நாட்டின் கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்ப்பதற்குத் தடை போட்டது. தடை செல்லும் என்று 2023இல் கனடா உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

பனையைப் போலவே கஞ்சாவிலும் பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. வளர்ப்பவர் தேடுவது பெண் பூவை, அதுவும் மகரந்தம் படாத பூவை. மகரந்தம் பட்டுவிட்டால் செடி தன் சத்தை விதைக்குத் திருப்பிவிடும். அதனால்தான் ஆண் பூ தலைகாட்டியதுமே அந்தச் செடியைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

எப்போது பூப்பது என்பதைப் பெரும்பாலான வகைகளுக்கு இரவின் நீளமே சொல்கிறது. கோடையின் பிற்பகுதியில் இரவு நீண்டதும் பூ வரும். ஜெர்மனியில் திறந்தவெளியில் நிற்கும் செடி முற்றுவது செப்டம்பர், அக்டோபரில். இலையுதிர்கால ஈரமும் அதே சமயத்தில் வந்து சேரும். நெருக்கமாகத் திரண்ட பூங்கொத்துக்குள் சாம்பல் பூஞ்சை புகுந்துவிட்டால், வெளியே பார்க்க நன்றாக இருக்கும் பூ உள்ளே அழுகிக் கிடக்கும்.

உருப்பெருக்கிக் கண்ணாடியில் அந்தப் பூவைப் பார்த்தால், மில்லிமீட்டருக்கும் சிறிய காளான் வடிவச் சுரப்பிகள் மினுமினுக்கும். வேதியியல் முழுக்க நடப்பது அங்கேதான். முதலில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் சுரப்பித் தலை, பின்பு பால் நிறமாகி, முற்றியபின் பழுப்பேறும். இதைப் பார்த்துத்தான் அறுவடைக்கு நாள் குறிக்கிறார்கள். உள்ளே பிசினில் பெரும்பாலும் இருப்பது, போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சி அல்ல. அதன் அமில வடிவம். அதற்குப் போதை தரும் ஆற்றல் கிடையாது. சூடு பட்டதும் கார்பன் டை ஆக்சைடை இழந்து அது டிஎச்சியாக மாறுகிறது. 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் டிஎச்சியைத் தூய வடிவில் பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள்.

பூவை ஒட்டிய இலைகளில் சுரப்பிகள் குறைவு. அவற்றைக் கத்தரித்து நீக்குவது பொறுமை கேட்கும் வேலை. கத்தரிக்கோலில் பிசின் அப்பிக்கொள்ளும். ஒட்டும் பிசினைவிடக் கவலைப்பட வேண்டியது தூசியைப் பற்றித்தான். காய்ந்த பூவைக் கையாளும்போது எழும் நுண்துகள் நுரையீரலுக்குள் போகும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கஞ்சாப் பூவை அரைக்கும் கூடத்தில் வேலை பார்த்த 27 வயதுப் பெண் ஒருவர் 2022 ஜனவரியில் ஆஸ்துமா தாக்கி இறந்தார். வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே அவருக்கு மூச்சிரைப்பு தொடங்கியிருந்தது. செடிதானே, என்ன செய்துவிடும் என்ற எண்ணம் ஆபத்தானது. வீட்டில் வளர்க்க அனுமதிக்கும் நாடுகள் செடிக் கணக்கோடு நிற்காமல் பூஞ்சை, தூசி பற்றியும் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

வளர்ப்பவர் தேடுவது பூவை என்றால், இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் 'கஞ்சா' என்று வரையறுப்பது செடியின் பூத்த, காய்த்த நுனிகளைத்தான். ஆனால் வளர்ப்பது என்று வந்தால் செடியே குற்றம். உரிமமின்றிப் பயிரிட்டால் 10 ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.