தலைக்கு மேல் ஓடும் மீட்டர்

கரண்ட் பில் எகிறிய மாதத்தில் எங்கள் வீட்டில் முதலில் மாட்டுவது கிரைண்டர்தான். “வாரத்துக்கு மூணு தடவ மாவாட்டினா பில்லு ஏறாம என்ன செய்யும்?” என்று அப்பா ஆரம்பிப்பார். “நாள் பூரா நீங்க பாக்குற டிவிக்கு கரண்டு சும்மாவா வருது?” என்று அம்மா திருப்புவார். இடையில் மிக்ஸியின் பெயரும் அடிபடும். இந்தப் பஞ்சாயத்து நடக்கும் கூடத்தில், எல்லோர் தலைக்கும் மேலே, சீலிங் ஃபேன் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வந்ததே இல்லை.

ஆயிரம் வாட் இழுக்கும் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இந்த ஒரு கணக்கு போதும், யார்மேல் குற்றம் என்று பார்த்துவிடலாம். மேசை கிரைண்டர் இழுப்பது சுமார் 150 வாட். ஒரு ஈட்டுக்கு அரை மணி நேரம், வாரத்துக்கு மூன்று ஈடு என்று வைத்தாலும் இரண்டு மாதத்தில் இரண்டு யூனிட்தான். 750 வாட் மிக்ஸி தெருவுக்கே கேட்கும்படி அலறுகிறது; தினமும் ஐந்து நிமிடம் ஓட்டினாலும் இரண்டு மாதத்துக்கு நாலு யூனிட்டைத் தொடாது. பழைய சீலிங் ஃபேனோ வெறும் 75 வாட், மிக்ஸியில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் நாளைக்கு 15 மணி நேரம் ஓடுகிறது. இரண்டு மாதத்தில் 67.5 யூனிட். மூன்று ஃபேன் அப்படி ஓடும் வீட்டில் 200 யூனிட் காற்றோடு போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் இந்த யூனிட்களுக்கு இன்னொரு கனமும் உண்டு. நம் கட்டணம் படிக்கட்டு மாதிரி ஏறுவது. 2022 செப்டம்பர் 10 முதல் நடப்புக்கு வந்த பட்டியலை எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு விலை மாறியிருக்கிறது, உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் நின்றால் அடுத்த 100க்கு 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, கடைசி 100க்கு 6 ரூபாய். சரியாக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ரீடிங் 501 என்று விழுந்துவிட்டால் அந்த 2 ரூபாய் 25 காசுச் சலுகை பறிபோகும். 101லிருந்தே 4 ரூபாய் 50 காசு, 500க்கு மேல் 8 ரூபாய். பில் 1,958 ரூபாய். கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு நாள் தள்ளி வந்ததால் மாட்டிக்கொண்டோம் என்று ஜனங்கள் புலம்புவது இந்தப் படியில் தடுக்கி விழுந்துதான்.

ஆகவே ஐம்பது, நூறு யூனிட் குறைப்பது சில்லறை விஷயமல்ல. அதை ஃபேனில் குறைக்க முடியுமா? முடியும். எப்படி என்பதற்கு ஃபேனின் வயிற்றுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

மின்விசிறிக்கு முன்னால் வெள்ளைக்காரத் துரைமார்களின் பங்களாக்களில் துணிப் பங்கா தொங்கியது. வெளியே ஒரு ஆள் உட்கார்ந்து நாள் முழுக்கக் கயிற்றை இழுப்பான். அந்த ஆளின் வேலையை மோட்டாருக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் ஃபிலிப் டீல். அமெரிக்காவில் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மின் மோட்டார் செய்தவர், 1880களில் அதே மோட்டாரில் இறக்கைகளை மாட்டிக் கூரையில் தொங்கவிட்டார்.

நம் வீட்டு ஃபேனில் இருப்பது தூண்டல் மோட்டார். ஒரு வேடிக்கை: வழக்கமான மோட்டாரில் வெளிக்கூடு நிற்கும், உள்ளே இருப்பது சுற்றும். சீலிங் ஃபேனில் தலைகீழ். கம்பிச் சுருள்கள் நடுவில் தண்டோடு அசையாமல் இருக்கின்றன. இறக்கை மாட்டிய வெளிக்கூடுதான் சுற்றுகிறது. அந்தக் கூட்டுக்கு எந்த ஒயரும் போவதில்லை. நடுச் சுருளில் பாயும் மாறுமின்னோட்டம் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் கூட்டுக்குள் இருக்கும் அலுமினியப் பட்டைகளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட மின்சாரம் அந்தப் பட்டைகளையே காந்தமாக்க, புலத்தைத் துரத்திக்கொண்டு கூடு ஓடுகிறது.

ஆனால் வீட்டுக்கு வரும் ஒற்றைப் பேஸ் மின்சாரத்தின் புலம் முன்னும் பின்னும் ஆடுமே தவிர, வட்டமாகச் சுற்றாது. சுற்றாத புலத்தைத் துரத்தி எந்தப் பக்கம் ஓடுவது? அதற்காக இன்னொரு சுருளை வைத்து, அதற்குப் போகும் மின்சாரத்தைக் கொஞ்சம் முந்தவைக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து புலத்தைச் சுழல வைக்கின்றன. முந்தவைக்கும் வேலையைச் செய்வது ஃபேனின் கிண்ணத்துக்குள் ஒளிந்திருக்கும் குட்டி டப்பா. அதுதான், ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றதும் ஏணியை விரிப்பதற்கு முன்பே எலக்ட்ரீஷியன் சொல்லிவிடுவாரே, “கண்டென்சர் போயிருக்கும் சார்” என்று, அந்தக் கண்டென்சர்.

இந்த ஏற்பாடு முரட்டுத்தனமானது, மலிவானது, இருபது முப்பது வருடம் உழைக்கக்கூடியது. நான் மதிக்கும் இயந்திரங்களில் ஒன்று. ஆனால் சிக்கனம் தெரியாதது. தனக்குக் காந்தம் இல்லாததால் ஒவ்வொரு நொடியும் மின்சாரத்தைச் செலவழித்தே காந்தத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அலுமினியப் பட்டைகளில் ஓடும் மின்சாரம் அவற்றைச் சூடாக்குகிறது. புலத்தைவிடக் கூடு எப்போதும் சற்றுப் பின்தங்கியே ஓடவேண்டும்; பின்தங்கினால்தான் தூண்டலே நடக்கும், அந்தப் பின்தங்கலும் நஷ்டம்தான். உள்ளே போகும் 75 வாட்டில் பாதிக்கு மேல் இறக்கையைத் தொடாமலே சூடாகப் போய்விடுகிறது. மணிக்கணக்கில் ஓடிய ஃபேனை நிறுத்திவிட்டு அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் மிச்சம்தானே? அந்தக் காலத்துப் பெரிய டப்பா ரெகுலேட்டரில் பெரிதாக மிச்சமில்லை. ஃபேனுக்குப் போகாத மின்சாரத்தை அது தானே வாங்கிச் சூடாக்கிக்கொண்டது. இப்போதுள்ள சின்ன ரெகுலேட்டர் தேவலை. ஆனாலும் இயற்கை கொடுக்கும் முழுச் சலுகையும் கிடைப்பதில்லை. காற்றைத் தள்ளும் வேலை வேகத்தின் மும்மடியில் ஏறி இறங்குவது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றுக்குத் தேவையான திறன் எட்டில் ஒன்றுதான். மெதுவாக ஓடும்போது தூண்டல் மோட்டார் இன்னும் திறன் கெட்டுப்போவதால் அந்த லாபத்தில் பெரும்பகுதியை மோட்டாரே தின்றுவிடுகிறது.

கடைகளில் ‘பி.எல்.டி.சி.’ என்று எழுதி விற்பது இதற்கு மாற்று. பிரஷ் இல்லாத நேர்மின் மோட்டார் என்று பொருள். பிரஷ் எது என்று தெரிந்துகொள்ள மிக்ஸியைப் பாருங்கள். அதில் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்க இரண்டு கார்பன் பிரஷ்கள் உரசிக்கொண்டே இருக்கும். பொறி பறக்கும், தேயும், தேய்ந்த பிறகு மாற்றவேண்டும். பி.எல்.டி.சி.யில் அந்த உரசலே கிடையாது. வெளிக்கூட்டில் நிரந்தரக் காந்தங்களை ஒட்டிவிடுகிறார்கள். மின்சாரம் செலவழித்துக் காந்தம் உண்டாக்கும் வேலை அப்போதே ஒழிந்தது. நடுவில் உள்ள சுருள்களுக்கு ஒரு சின்ன மின்னணுப் பலகை முறைவைத்து மின்சாரம் கொடுக்கிறது. காந்தம் ஒரு சுருளை நெருங்கும் நேரத்தில் அதை அணைத்து அடுத்ததைப் போடும். காந்தம் அதை நோக்கிப் போகும். அங்கே போய்ச் சேர்வதற்குள் அதற்கடுத்தது. வண்டி மாட்டின் மூக்குக்கு முன்னால் புல்கட்டைக் கழியில் கட்டித் தொங்கவிட்ட கதைதான். காந்தம் எங்கே இருக்கிறது என்று பலகைக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த நேரத்தில் சும்மா இருக்கும் சுருளில் காந்தம் கடக்கும்போது எழும் சிறு மின்னழுத்தத்தை வைத்தே அது கண்டுபிடித்துக்கொள்கிறது.

இந்த மோட்டார் புதிதல்ல. கணினிக்குள் இருக்கும் குட்டி விசிறியிலும் மின் ஸ்கூட்டரின் சக்கரத்திலும் பறக்கும் டிரோனிலும் இதே குடும்பம்தான். இன்வெர்ட்டர் ஏசி என்று விற்கிறார்களே, அதன் கம்ப்ரசரை ஓட்டுவதும் இந்த வகைதான். இதை நம் சீலிங் ஃபேனுக்குள் கொண்டுவந்த கதையில் கோயம்புத்தூருக்குப் பங்குண்டு. அங்குள்ள வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012லேயே ‘சூப்பர்ஃபேன்’ என்ற பெயரில் 35 வாட்டில் ஓடும் ஃபேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பம்புக்கும் கிரைண்டருக்கும் மோட்டார் சுற்றிப் பழகிய ஊர். அங்கிருந்து இது வந்ததில் எனக்கு வியப்பில்லை.

கடைக்காரர் சொல்வதை நம்புவதா என்று யோசிப்பவர்களுக்கு ஒட்டுச்சீட்டு இருக்கிறது. எரிசக்தித் திறன் செயலகம் 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திரச் சீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று தள்ளுகிறது என்பதை வாட்டால் வகுத்தால் வருவதுதான் ஃபேனின் மதிப்பெண். நாம் சாதாரணமாக வாங்கும் 1,200 மில்லிமீட்டர் ஃபேன் குறைந்தது 210 கன மீட்டர் தள்ளியாகவேண்டும். 2023இல் வந்த அளவுகோலில் மதிப்பெண் 6 வந்தால் ஐந்து நட்சத்திரம். 210ஐ 6ஆல் வகுத்தால் 35 வாட். எழுபத்தைந்து வாட் ஃபேனுக்கு இந்தக் கணக்கில் மூன்றுகூடத் தேறாது.

வீட்டு மீட்டரிலேயே சோதித்தும் பார்க்கலாம். மின்னணு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருக்கும்; 3,200 என்று பல மீட்டர்களில் பார்க்கலாம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு ஃபேனை முழு வேகத்தில் விடுங்கள். 3,200 மீட்டர் என்றால், 75 வாட் ஃபேனுக்கு 15 விநாடிக்கு ஒரு மினுக்கல். 35 வாட் ஃபேனுக்கு 32 விநாடி காத்திருக்கவேண்டும். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் மினுக்கினால் செட்டாப் பாக்ஸோ, சார்ஜ் ஏறும் இன்வெர்ட்டரோ சுவரில் உயிரோடு இருக்கிறது. அவற்றையும் பிடுங்கியபின் மினுக்கினால் ஒயரிங்கில் கசிவா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுவது நல்லது.

பணக் கணக்குக்கு வருவோம். கோடையில் 560 யூனிட் ஓடும் ஒரு வீடு, நாளைக்கு 15 மணி நேரம் சுற்றும் மூன்று பழைய ஃபேன். 75 போய் 35 வந்தால் ஒரு ஃபேனுக்கு 36 யூனிட், மூன்றுக்கும் 108 யூனிட் குறையும். 560 ஆகியிருக்க வேண்டியது 452. மேலே சொன்ன 2022 பட்டியலில் 2,430 ரூபாய் பில் 1,437 ரூபாய் ஆகிவிடும். 993 ரூபாய் மிச்சம், ஏனென்றால் யூனிட்டும் குறைந்தது, 500ஐயும் தாண்டவில்லை. மார்கழியில் ஃபேன் பாதி நேரம்தான் ஓடும், மிச்சமாகும் யூனிட்டும் பாதியாகும். ஏற்கெனவே 200க்குள் நிற்கும் சின்னக் குடும்பத்துக்கு இந்த ஃபேன் போட்ட காசை எடுக்க வருடங்கள் ஆகும். அவர்கள் பழையது ரிப்பேராகும்வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

குறைகளையும் சொல்லிவிடவேண்டும். விலை கூடுதல். பழைய ஃபேன் எரிந்துபோனால் தெருமுனையில் காயில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். இதில் மின்னணுப் பலகை போனால் கம்பெனி ஆளுக்குத்தான் காத்திருக்கவேண்டும். வோல்டேஜ் எகிறும் இடங்களில் பலகைதான் முதலில் பலியாகும். ஆகவே உத்தரவாதம் எத்தனை வருடம், ஊரில் சர்வீஸ் உண்டா என்று கேட்காமல் வாங்காதீர்கள். சுவரிலிருக்கும் பழைய ரெகுலேட்டர் இதற்கு ஒத்துவராது, கழற்றிவிடவேண்டும். ரிமோட்டைத் தொலைப்பது தனிக் கதை. இவ்வளவுக்கும் ஈடாக, கரண்ட் போன இரவில் இன்வெர்ட்டர் பேட்டரி ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் தாங்குகிறது. அந்த ஒன்றுக்காகவே நான் வாங்குவேன்.

ஃபேனுக்கு அடுத்த ஆள் சூடாக்கும் கருவிகள். ஒரு வாளித் தண்ணீரை, அதாவது 20 லிட்டரை, 15 டிகிரி சூடாக்க 0.35 யூனிட் வேண்டும். நாலு பேர் தினமும் வெந்நீரில் குளித்தால் இரண்டு மாதத்தில் 84 யூனிட். ஏசி உள்ளவர்கள் செலவைக் குறைக்க அதை ஃபேனோடு சேர்த்து 26, 27 டிகிரியில் வைக்கலாம். ஆனால் ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. நம் வேர்வையை உலர்த்துகிறது, அவ்வளவுதான். ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன் தன் வாட்டையெல்லாம் சூடாக மாற்றி அறைக்கே கொடுக்கிறது.

எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க ஓடும் படுக்கையறை ஃபேன் முதலில், கூடத்து ஃபேன் அடுத்து. விருந்தாளி அறையில் இருப்பது அப்படியே இருக்கட்டும். கழற்றிய பழைய ஃபேனை வீணாக்குவானேன் என்று மாடியில் கொண்டுபோய் மாட்டிவிடாதீர்கள். காயலான் கடையில் போடுங்கள். உள்ளே செம்புக் கம்பி இருந்தால் நல்ல விலைக்குப் போகும்.